நாற்பது மடங்கு பெருகியது நோயா, பெயரா?

சிறுவர் இருமுனைக் கோளாறு: ஒரு கருத்தின் மதிப்பாய்வு

2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்க மனமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு புள்ளிவிவரம் வெளியாயிற்று. இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் இருமுனைக் கோளாறு என்ற நோய்ப்பெயருடன் மருத்துவரிடம் சென்றுவந்த தடவைகளை அது கணக்கிட்டது. 1994–95ஆம் ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை அவ்வயதினர் ஓர் இலட்சம் பேருக்கு 25 ஆக இருந்தது. 2002–03இல் அதுவே 1003 ஆகிவிட்டது. எட்டே ஆண்டுகளில் நாற்பது மடங்கு! இதே காலத்தில் வயது வந்தோரிடையே இந்த எண் 905இலிருந்து 1679 ஆயிற்று. இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் காலையில் ஒரு கம்பியின் நீளத்தை அளக்கிறான். மாலையில் மீண்டும் அளந்து, நாற்பது மடங்கு நீளம் என்று எழுதிக்கொண்டு வருகிறான். கம்பி வளர்ந்துவிட்டதா என்று எந்த ஆசிரியரும் ஆராயப் புகமாட்டார். "எந்த அளவுகோலால் அளந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார். மருத்துவம் என் துறையன்று. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் அளவீடு பற்றிய இந்தக் கேள்வி எல்லா அறிவியல்களுக்கும் பொதுவானது. அந்தக் கேள்வியோடு இந்த எண்ணை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருமுனைக் கோளாறு தொற்றுநோய் அன்று. அதில் மரபுவழியின் பங்கு மிகுதி என்பதை இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் எட்டு ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. ஆகவே, ஒன்று முன்பு மருத்துவர்கள் கண்மூடி இருந்திருக்க வேண்டும். அல்லது பின்பு அளவுகோல் நீண்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் எது நடந்தது?

நோயின் இலக்கணம்

முதலில் நோயை அறிந்துகொள்வோம். ஜெர்மானிய மனமருத்துவர் எமில் கிரேபெலின் 1899இல் இதனை மனச்சிதைவு நோயிலிருந்து பிரித்துக் காட்டினார். அவர் பிரித்ததற்கு அடிப்படை, நோய் காலப்போக்கில் நடந்துகொண்ட முறையே ஆகும். மனச்சிதைவு பெரும்பாலும் படிப்படியாகச் சீர்கெடும் என்று அவர் கருதினார். இந்நோயோ கட்டம் கட்டமாக வந்து போயிற்று. 1980இல் வெளிவந்த அமெரிக்க மனமருத்துவக் கழகத்தின் நோய்க் கையேடு இதற்கு 'இருமுனைக் கோளாறு' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

ஒரு முனை, மேனியா எனப்படும் மிகையெழுச்சி. நன்றாகப் படித்துக்கொண்டு அமைதியாக இருந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ஒரு வாரமாக இரவில் மூன்று மணி நேரமே உறங்குகிறாள்; ஆனால் களைப்பு இல்லை. பேச்சு நிற்பதில்லை, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்கிறாள். இதுவரை செய்யாத துணிச்சலான காரியங்களில் இறங்குகிறாள். யாரேனும் தடுத்தால் சீறுகிறாள். மற்ற முனை, சோர்வு. அதே பெண் சில மாதங்கள் கழித்துப் படுக்கையை விட்டு எழ மனமின்றிக் கிடக்கிறாள். எதிலும் இன்பமில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது. இந்நோயில் தற்கொலை அபாயம் மிகுதி என்பதை மறக்கலாகாது.

இவ்விரண்டு முனைகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதுவே 'கட்டம்'. எழுச்சிக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. ஒரு முடிவும் இருக்கிறது. வீட்டார், "இந்தத் தேதி வாக்கில்தான் இவள் மாறிப்போனாள்" என்று சொல்ல முடியும். காய்ச்சலை நாம் எப்படி அறிகிறோம்? உடலின் வழக்கமான வெப்பநிலை இன்னது என்று தெரிந்திருப்பதால்தானே? அதைப்போல, அந்தப் பிள்ளையின் வழக்கமான நிலையே இங்குத் தொடக்கப் புள்ளி. அதிலிருந்து அவள் விலகி, பல நாள்கள் விலகியே நின்று, பிறகு திரும்புகிறாள். 1994இல் வந்த கையேட்டின் நான்காம் பதிப்பும், மேனியா என்று சொல்ல, தெளிவாகப் பிரித்தறியத்தக்க ஒரு காலப்பகுதி வேண்டும் என்றும், அது குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும் என்றும்தான் விதித்தது. அந்தக் காலப்பகுதியில் மனநிலை மிகு மகிழ்ச்சியாகவோ, பெருமித உணர்வாகவோ, எரிச்சலாகவோ இருக்கலாம் என்றது. 'எரிச்சல்' என்னும் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் பின்னர் வந்த குழப்பம் முழுவதும் நிகழ்ந்தது.

அளவுகோல் நீண்ட கதை

இந்நோய் பருவ வயதுக்கு முன் மிக அரிது என்பதே நெடுங்காலக் கருத்து. கிரேபெலின் கண்ட ஏறத்தாழ 900 நோயாளிகளில், பத்து வயதுக்கு முன் நோய் தொடங்கியவர்கள் அரை விழுக்காட்டுக்கும் குறைவே. ஆனால் இந்தக் கருத்தினால் தீங்கும் நேர்ந்தது. மேனியாவின் உச்சத்தில் பொய்க்குரல்கள் கேட்ட இளைஞர் பலருக்கு 1970கள் வரையில் மனச்சிதைவு என்றே பெயர் சூட்டப்பட்டது. அவர்களுக்குப் பயன்படக்கூடிய லித்தியம் கிடைக்காமல் போயிற்று. ஆகவே, "இளையோரிடமும் இந்நோயைத் தேடுங்கள்" என்று எழுந்த குரல் நியாயமானதே.

1995இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜேனட் வோஸ்னியாக், ஜோசப் பீடர்மன் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தங்கள் மருத்துவமனைக்கு வந்த 12 வயதுக்கு உட்பட்ட 262 சிறுவர்களில் 43 பேர், அதாவது 16 விழுக்காட்டினர், மேனியாவின் விதிகளுக்குப் பொருந்துகின்றனர் என்றனர். இச்சிறுவர்கள் மிகு மகிழ்ச்சியில் திளைத்தவர்கள் அல்லர். கடுமையாக எரிந்து விழுபவர்கள். அவர்களுடைய எரிச்சல் வந்துபோகும் கட்டமாகவும் பெரும்பாலும் இருக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிறுவர்களிடம் இந்நோய் இப்படித்தான் தோன்றும் என்பது ஆய்வாளர்களின் வாதம்.

இந்த வாதத்தின் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம். பெரியவர்களுக்கான இலக்கணம் 'தனித்த கட்டம்' வேண்டும் என்கிறது. சிறுவர்களிடம் கட்டம் காணப்படவில்லை. இதனால், "இது அந்நோய் அன்று" என்ற முடிவுக்கும் வரலாம். "சிறுவர்களிடம் அந்நோய் கட்டமின்றி வரும்" என்ற முடிவுக்கும் வரலாம். இரண்டாவது முடிவுக்கு வருபவர் ஒன்றைக் காட்டக் கடமைப்பட்டவர்: இச்சிறுவர்கள் வளர்ந்தபின் பெரியவர்களுக்குரிய இருமுனைக் கோளாற்றை அடைகிறார்கள் என்பதை. அந்தச் சான்று வருமுன்பே பெயர் நாடெங்கும் பரவிவிட்டது என்பதே என் முதற் குறை.

வேறொரு திசையிலும் கோல் நீண்டது. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா கெல்லர், எரிச்சல் மட்டும் போதாது, மிகு மகிழ்ச்சியோ தன்னைப் பற்றிய மிகையுணர்வோ வேண்டும் என்று கண்டிப்பாகவே நின்றார். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரே நாளில் பலமுறை மேலும் கீழும் செல்லும் மனநிலைகளை அவர் நோயின் சுழற்சிகளாகக் கணக்கிட்டார். ஒரு நாளில் பலமுறை சிரித்து அழும் குழந்தைகள் நம் வீடுகளில் இல்லையா? அலைவு என்று எதைக் கொள்வது, சாதாரண நடுக்கம் என்று எதைத் தள்ளுவது என்ற எல்லையை இங்கு வகுப்பது எளிதன்று.

ஒரு நூலும் அதன் பட்டியலும்

ஆய்விதழ்களில் இருந்த கருத்தை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது 'தி பைபோலார் சைல்டு' என்னும் நூல். மனமருத்துவர் டெமிட்ரி பப்பலோசும் அவர் மனைவி ஜானிஸ் பப்பலோசும் எழுதிய இந்நூல் 1999இல் வெளிவந்து பரவலாக விற்பனையாயிற்று. 2002 ஆகஸ்டு மாதம் 'டைம்' வார இதழ் இப்பொருளையே அட்டைக் கட்டுரையாக்கியது.

நூலின் நற்பண்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் கொடுஞ்சினத்தால் குலைந்துபோன குடும்பங்கள் உண்டு. "வளர்ப்பு சரியில்லை" என்று உறவினரும் பள்ளியும் தாயைக் குற்றம் சாட்டுவார்கள். அத்தகைய தாய்மாருக்கு இந்நூல், "இது உங்கள் தவறன்று, இது மூளையைச் சார்ந்த நோய்" என்று ஆறுதல் கூறியது. பள்ளியுடன் எப்படிப் பேசுவது, மருத்துவமனையில் எதை எதிர்பார்ப்பது என்பன போன்ற நடைமுறைச் செய்திகளைப் பொறுமையாக விளக்கியது. பெற்றோர்களின் வேதனைக்கு நேர்மையாகக் காதுகொடுத்த நூல் என்பதில் ஐயமில்லை.

குறை அறிகுறிகளைக் கையாண்ட முறையில் இருக்கிறது. வெறிக்கோபம், பிடிவாதம், தாயைப் பிரிய அஞ்சுதல், இரவில் அலறி எழுதல், இனிப்புக்கு ஏங்குதல் முதலிய பலவும் இந்நோயுடைய பிள்ளைகளின் பண்புகளாக வருகின்றன. இவை அந்தப் பிள்ளைகளிடம் இருந்திருக்கலாம். ஆனால் இவை மற்றப் பிள்ளைகளிடம் எவ்வளவு இருக்கின்றன? பிரிவச்சம் பதற்றக் கோளாற்றிலும் உண்டு. அலைபாயும் கவனமும் ஓயாத துறுதுறுப்பும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றின் அடையாளங்கள். இனிப்பைக் கேளாத குழந்தை எங்கே இருக்கிறது? காக்கை கருப்பு என்பது உண்மையே. அதற்காகக் கருப்பாக இருப்பதெல்லாம் காக்கையாகிவிடாது. ஓர் அறிகுறியின் மதிப்பு, அது நோயுற்றவரிடம் எவ்வளவு காணப்படுகிறது என்பதில் மட்டும் இல்லை. நோயற்றவரிடம் எவ்வளவு காணப்படவில்லை என்பதிலும் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியை நூல் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தன் பிள்ளையைப் பார்க்கும் பெற்றோர், தேடியதைக் காண்பது இயல்பே.

சோதனைக்கு வந்த கருத்து

அறிவியலின் சிறப்பு, கருத்தைச் சோதனைக்கு உட்படுத்துவதில் உள்ளது. அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எலன் லைபன்லுப்ட் 2003இல் ஓர் எளிய வழியை முன்வைத்தார். தெளிவான கட்டங்களை உடைய பிள்ளைகளை ஒரு குழுவாகவும், கட்டமின்றி நாள்தோறும் எரிச்சலில் இருக்கும் பிள்ளைகளை மற்றொரு குழுவாகவும் பிரித்துக்கொள்வோம். இரு குழுக்களும் காலப்போக்கில் என்ன ஆகின்றன என்று பார்ப்போம் என்றார்.

முடிவு 2010இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்ததில், கட்டங்களை உடைய 93 பேரில் 58 பேருக்கு மீண்டும் எழுச்சிக் கட்டமோ கலப்புக் கட்டமோ வந்தது. நீடித்த எரிச்சலுடைய 84 பேரில் அப்படி வந்தது ஒரே ஒருவருக்குத்தான். இரண்டும் ஒரே நோயாக இருந்தால் இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. அங்கே நீடித்த கடும் எரிச்சலுடன் இருந்த சிறுவர்கள் பதினெட்டு வயதை ஒட்டி வந்தபோது, மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதியாக மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்கள் சென்று சேர்ந்த இடம் மேனியா அன்று, சோர்வு. எனவே இப்பிள்ளைகளின் துன்பம் பொய்யன்று. அதற்கு இடப்பட்ட பெயர்தான் பிழை.

நாடுகளை ஒப்பிட்டாலும் இதே முடிவுக்கு வருகிறோம். 2000 முதல் 2010 வரை, இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் இந்நோய்ப்பெயருடன் மருத்துவமனையில் தங்கி வீடு திரும்பிய கணக்கை எடுத்தபோது, அமெரிக்காவில் அது ஓர் இலட்சத்துக்கு 100.9, இங்கிலாந்தில் 1.4. எழுபத்திரண்டு மடங்கு வேறுபாடு! மருத்துவமனையில் சேர்க்கும் பழக்கமும் கட்டண முறையும் இரு நாடுகளிலும் வேறு என்பது மெய்யே. ஆனால் பெரியவர்களிடம் வேறுபாடு ஏழு மடங்குதான். இளையோரிடம் மட்டும் அது பத்து மடங்கு கூடுவதற்குக் காரணம் என்ன? 2006இல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல், பருவமடையாத சிறுவர்களுக்கு இப்பெயரை இட, ஏழு நாள்கள் பெரும்பாலான நேரம் மிகு மகிழ்ச்சி இருந்தே தீரவேண்டும், எரிச்சலை அடிப்படை அறிகுறியாகக் கொள்ளலாகாது என்று எழுதிவைத்தது. கோல் வேறு, ஆகவே நீளமும் வேறு.

நம் நாட்டிலும் ஒரு சிறு சான்று இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து மருத்துவர்கள், இளவயதிலேயே இந்நோய் கண்ட 30 பேரை நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். முப்பது பேருமே முதலில் வந்த நோய்க்கட்டத்திலிருந்து முழுமையாக மீண்டனர். எவருக்கும் நோய் முடிவின்றி நீடிக்கவில்லை. 20 பேருக்கு மீண்டும் வந்தது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள். வருவதும் போவதும் மீண்டும் வருவதுமான கிரேபெலினின் நோயை இங்கு அப்படியே காண்கிறோம். பாஸ்டன் நகர மருத்துவமனையில் கண்ட தீராத எரிச்சலும் இதுவும் ஒன்றென்று சொல்வது கடினம்.

மறுபக்கத்தின் வலிமை

ஒரு கருத்தை மறுக்கப் புகுவோர் அதன் வலிமையான சான்றுகளை மறைக்கலாகாது. அவை மூன்று.

முதலாவது: அமெரிக்காவில் இந்நோயுடைய 983 பெரியவர்களிடம், எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, 28 விழுக்காட்டினர் 13 வயதுக்கு முன் என்றும், 38 விழுக்காட்டினர் 13 முதல் 18 வயதுக்குள் என்றும் கூறினர். நினைவிலிருந்து சொல்லும் விடைகளில் பிழை இருக்கும். அன்றியும், நோய் பலருக்கு முதலில் சோர்வாகவே தலைகாட்டுகிறது. அப்போது அதை இருமுனை என்று அறிய வழியில்லை. இவற்றைக் கழித்தாலும், பதின்ம வயதே இந்நோய் தொடங்கும் முக்கியக் காலம் என்பது நிலைக்கிறது.

இரண்டாவது: கட்டங்கள் இருந்தும், அவை விதித்த கால அளவை எட்டாத 140 இளையோரைப் பிட்ஸ்பர்க் முதலிய நகரங்களில் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டு அளவில் 45 விழுக்காட்டினர் முழு நோயை அடைந்தனர். குடும்பத்தில் இந்நோய் உடையவர்கள் இருந்தால் இந்த அளவு இன்னும் கூடியது. ஆகவே ஏழு நாள் என்ற வரம்பைக் கல்லில் செதுக்கியதாகக் கருதக்கூடாது. எனினும் இவர்களிடம் கட்டம் என்பது இருந்தது, நீளந்தான் குறைவு. என் வாதத்துக்கு இது பகையன்று.

மூன்றாவது: பல நாடுகளில் மருத்துவமனைக்கு வெளியே, பொதுமக்களிடையே நடந்த 12 ஆய்வுகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, இளையோரில் 1.8 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வகை இருமுனைக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது; அமெரிக்காவில் அது மற்ற நாடுகளைவிட மிகுதி இல்லை. இதைச் சிலர் மறுப்பாகக் காட்டுவர். எனக்கோ இது உறுதியாகவே தோன்றுகிறது. ஒரே கோலைக் கொண்டு அளந்தால் அமெரிக்கப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒத்திருக்கிறார்கள். அப்படியானால் எழுபத்திரண்டு மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது? பிள்ளைகளிடமிருந்து வரவில்லை, பெயரிடும் பழக்கத்திலிருந்து வந்தது.

தொடக்கத்தில் கண்ட நாற்பது மடங்கு பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்த எண் ஆள்களின் எண்ணிக்கை அன்று. மருத்துவரிடம் சென்ற தடவைகளின் எண்ணிக்கை. ஒரே சிறுவன் ஆண்டுக்கு ஆறு முறை சென்றால் ஆறாகவே கணக்கில் வருவான். "நோயுற்ற பிள்ளைகள் நாற்பது மடங்காயினர்" என்று எழுதியவர்களும் தவறுகிறார்கள். பெயரின் புழக்கம் பெருகியதற்கு அது சான்று, அவ்வளவே. இன்னொரு குறிப்பும் அதே ஆய்வில் உள்ளது. பெரியவர்களில் இப்பெயருடன் வந்த தடவைகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது. இளையோரிலோ மூன்றில் இரண்டு பங்கு ஆண்பிள்ளைகளுடையது. ஒரே நோய் வளரும்போது பாலை மாற்றிக்கொள்ளுமா?

பெயரின் விலை

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மருத்துவத்தில் பெயர் மருந்தைத் தீர்மானிக்கிறது. இப்பெயர் விழுந்துவிட்டால், கவனக்குறைவுக்கான மருந்துகளையும் சோர்வுக்கான மருந்துகளையும் தர மருத்துவர் தயங்குவார். அவை எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும் என்ற அச்சம். எனவே, உண்மையில் கவனக்குறைவோ சோர்வோ உடைய பிள்ளை தனக்குரிய மருந்தை இழக்கிறது. தனக்குரியதல்லாத மருந்தைப் பெறுகிறது. மேற்சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வில், இப்பெயருடன் வந்த இளையோரின் தடவைகளில் பத்தில் ஒன்பதில் மனமருந்து தரப்பட்டிருந்தது.

இம்மருந்துகள் வலிமையானவை. முன்பு அவற்றை உட்கொண்டிராத 272 பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 11 வாரங்களில் ஒலான்சபின் உட்கொண்டோரின் எடை சராசரியாக 8.5 கிலோ கூடியது. ரிஸ்பெரிடோன் உட்கொண்டோருக்கு 5.3 கிலோ. மருந்து எடுக்காதவர்களுக்குக் கூடியது 0.2 கிலோ. மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த விலை, மேனியாவில் தத்தளிக்கும் பிள்ளையை மீட்பதற்குக் கொடுக்கத்தக்க விலையாக இருக்கலாம். அந்நோயே இல்லாத பிள்ளை அதை ஏன் கொடுக்கவேண்டும்?

பணத்தின் பங்கும் இதில் பேசப்பட்டது. 2008இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் சார்லஸ் கிராஸ்லியின் விசாரணையில், பீடர்மன் 2000 முதல் 2007 வரை மருந்து நிறுவனங்களிடமிருந்து குறைந்தது 16 இலட்சம் டாலர் ஆலோசனைக் கட்டணம் பெற்றதும், அதில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்காததும் வெளிவந்தன. தம் ஆய்வு நடுநிலையானதே என்று அவர் கூறினார். 2011இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அவர்மீதும் உடன் பணியாற்றிய இருவர்மீதும் நடவடிக்கை எடுத்தன. இச்செய்தியைக் கொண்டே அவருடைய அறிவியல் கருத்து தவறு என்று முடிவு கட்டுவது முறையன்று. கருத்தை வீழ்த்தியது 84 பேரும் 93 பேரும் காட்டிய வேறுபாடே. ஆனால் சான்று வருமுன் ஒரு கருத்து அவ்வளவு விரைவாகப் பரவியது ஏன் என்று கேட்டால், பணத்தையும் விடையில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2013இல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஒரு திருத்தம் செய்தது. நாள்தோறும் எரிச்சலில் இருந்து, வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வெகுண்டெழும் பிள்ளைகளுக்காக, மனநிலையை ஒழுங்குபடுத்த இயலாத கோளாறு என்ற பொருளில் ஒரு புதிய பெயரைச் சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது. இந்நிலை ஓராண்டாவது நீடிக்கவேண்டும். பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். தவறான அறையில் இருந்த பிள்ளைகளை வெளியே கொண்டுவந்ததால் இத்திருத்தம் நல்லதே. ஆயினும் ஒரு பெயரின் மிகையைக் குறைக்க இன்னொரு பெயரை உண்டாக்குவதில் உள்ள அபாயத்தையும் நோக்கவேண்டும். நான்காம் பதிப்புக் குழுவின் தலைவராக இருந்த ஆலன் பிரான்சஸ், சிறுவர் இருமுனைப் பெருக்கத்தைப் பொய்யான பெருக்கம் என்று கண்டித்தவர். அவரே, இப்புதிய பெயர் சாதாரண அடம்பிடித்தலையும் நோயாக்கிவிடும் என்று எச்சரித்தார்.

வாசகர் எதைக் கவனிக்கலாம்?

இக்கட்டுரையைப் படித்து, "இதெல்லாம் அமெரிக்கர்களின் கற்பனை, பிள்ளைகளுக்கு இந்நோய் வராது" என்று எவரும் முடிவு செய்துவிடக்கூடாது. அது முன்னதைவிடக் கொடிய பிழையாகும். பதின்ம வயதில் வரும் இருமுனைக் கோளாறு மெய்யானது. நோய் தொடங்கியதற்கும் உரிய மருத்துவம் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஆறு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பள்ளியிறுதியும் கல்லூரியும் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்த லித்தியம் இன்றும் இந்நோய்க்கு நம்பத்தக்க மருந்து; இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே உட்கொள்ள வேண்டும். உரிய மருத்துவம் பெற்றுப் படித்து, வேலை பார்த்து வாழ்பவர்கள் பலர்.

ஆகவே வீட்டில் கேட்கத்தக்க கேள்விகள் சில. இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடிகிறதா? பிள்ளையின் வழக்கமான இயல்பிலிருந்து இது வேறுபட்டதா, அல்லது சிறுவயது முதல் இப்படியேதானா? பல நாள்கள் தொடர்ந்து நீடித்ததா, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டதா? உறக்கம் குறைந்தும் களைப்பு இல்லாமல் இருந்ததா? குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா? இவற்றுக்கு விடைகளைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால், மனமருத்துவருக்கு அது எந்தப் பட்டியலைவிடவும் பயன்படும். தெளிவான மிகையெழுச்சியோ, சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் குறிப்பேட்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை நாடவேண்டும். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஏற்கனவே மருந்து உட்கொள்பவர்கள் இத்தகைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தாமாக அதை நிறுத்திவிடக்கூடாது. ஐயத்தை மருத்துவரிடமே கேட்கவேண்டும்.

நீடித்த எரிச்சலுடைய பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. பெற்றோருக்குப் பயிற்சி, பிள்ளைக்குச் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை, கவனக்குறைவு இருந்தால் அதற்குரிய மருத்துவம், பள்ளியில் சிறிது பொறுமை ஆகியவை பயன் தருகின்றன. இவர்களுக்கெனத் தனியே நடந்த சிகிச்சை ஆய்வுகள் இன்னும் குறைவு. இருபது ஆண்டுகளாக இவர்கள் வேறொரு நோயின் பெயரில் கணக்கிடப்பட்டு வந்ததே அதற்கு ஒரு காரணம்.